நாலில் ஒன்று

பாலத்தைத் தூக்கிவிடுவது என் வேலை.
படகுக்காரர்கள் தரும் இரண்டு யூரோவை
தூண்டில் கயிற்றில் கட்டிய மரச்செருப்பை நீட்டி
வாங்கிக்கொள்வேன்.
மற்ற நேரமெல்லாம் நாய்.

மாய்க்கெயின் ரோமம் சுருள்சுருளாய், எண்ணெய்ப் பிசுக்கோடு.
நனைந்து வந்தால் மூன்று நாள்
வீட்டுக்குள் வாய்க்கால் மணக்கும்.
ஃப்ரீஸ்லாந்தின் தண்ணீர்நாய் அவள்.
நீர்நாயைக் கொல்ல ஒரு தண்ணீர்நாய்:
பெயரிலேயே பங்காளிச் சண்டை.
நீர்நாய் தீர்ந்தது.
துரத்தியவனும் பின்னாலேயே
தீர்ந்துகொண்டிருக்கிறான்.

எத்தனை மிச்சம் என்று கேட்பார்கள்.
தலைகளை எண்ணி என்ன பயன்?
பதிவேட்டில் ஒவ்வொன்றாய் மேலே ஏறிப் பார்த்தால்
ஆறாவது படியில்
எல்லோருக்கும் ஒரே தகப்பன் உட்கார்ந்திருக்கிறான்.

என் முதல் ஈற்றில் ஏழு குட்டி.
அப்போது எனக்குத் தெரியாது.
கேட்கவும் இல்லை, அதுதான் உண்மை.
ஒன்பதாவது வாரம் ஒன்றுக்குச் சளி.
பத்தாவது வாரம் இன்னொன்றின் ஈறில் ரத்தம்,
துடைக்கத் துடைக்க.
"நோயை எதிர்க்க எதுவுமே இல்லாமல் பிறந்தவை,"
என்றார் டாக்டர் இட்ஸ்கெ.
"தாயிடம் பாதி, தகப்பனிடம் பாதி ஒளிந்திருக்கும்.
இரண்டு பாதியும் சந்தித்தால்
நாலில் ஒன்று."
ஏழில் இரண்டு போயிற்று.
கணக்கு ஏறக்குறையச் சரி.
ஒரு கணக்கு சரியாக வந்ததற்காக
அன்றுதான் அழுதேன்.

மாய்க்கெ அந்த ஏழில் மிஞ்சியவள்.
நோய் இல்லை, ஆனால் சுமக்கிறாள் என்றது சோதனைத் தாள்.
தாளை மேஜையில் வைத்துவிட்டு
ஜன்னலில் பார்த்தேன்:
பக்கத்துவீட்டு வாத்துகளைத் துரத்திக்கொண்டிருந்தாள்.

டொக்குமிலிருந்து வீப்ரன் தன் ஆண்நாயோடு வந்தான்.
மூன்று கோப்பை வாங்கியவன், அகன்ற நெற்றி,
நத்தை ஓடாய்ச் சுருண்ட வால்.
"இவனுக்கும் அதே தாள்தான்," என்றான்
காபிக்குள் பார்த்துக்கொண்டு.
"நாலில் மூன்று பிழைக்குமே, யெல்ட்செ.
இனமே அழியட்டுமா?"
பிஸ்கட் தட்டை அவன் பக்கம் தள்ளினேன்.
அதற்குமேல் கொடுக்க என்னிடம் ஒன்றுமில்லை.

சங்கத்தில் எழுந்து கேட்டேன்:
வெளியிலிருந்து ரத்தம் வேண்டும்.
நான்கு கூட்டம். ஒரு ராஜினாமா.
கடைசியில் அனுமதி வந்தது,
ஸ்வோலெ பக்கத்துப் பண்ணையில் ஒரு கறுப்பனுக்கு.
பரம்பரைச் சீட்டு கிடையாது.
இடுப்பெலும்பு எக்ஸ்ரேயில் அப்படியொரு ஒழுங்கு,
டாக்டர் இட்ஸ்கெ அதை வெளிச்சத்தில் பிடித்தபடி
கொஞ்ச நேரம் பேசவேயில்லை.

ஒன்பது குட்டி, இரவு இரண்டிலிருந்து விடியும்வரை.
மாவு நிறுக்கும் தராசில் அவற்றை நிறுத்தேன்.
ஒருவனுக்கு மட்டும் சுருளே இல்லை,
சீப்பெடுத்து வாரிவிட்டதுபோல் நேர்முடி.
பாதிப்பேர் அம்மாவைப்போல் சுமக்கிறார்கள்;
அவர்கள் பெயருக்கு நேரே சிவப்பு மையில் எழுதியிருக்கிறேன்.
வீப்ரன் போனில் கேட்டான்:
"இனத்தின் ஜாடை இருக்கிறதா?"
"பதினோராவது வாரம்," என்றேன்.
"ஒன்பதும் இருக்கின்றன."

உட்ரெக்ட்டிலிருந்து பெரிய காரில் வந்தவர்
இரண்டு கேட்டார், ஆணொன்று பெண்ணொன்று.
"அபூர்வச் சரக்கு, நல்ல விலை போகும் அல்லவா?"
கேட்க என்னிடம் மூன்று கேள்வி இருந்தது.
இரண்டாவதிலேயே கார் கிளம்பிவிட்டது.
மூன்றாவது இன்னும் என் நாக்கில் இருக்கிறது:
வைத்துக்கொள்ள முடியாமல் போனால்
எத்தனை வயதானாலும்
என்னிடமே திருப்பித் தருவீர்களா?

நேர்முடிக்காரன் என்னோடு தங்கிவிட்டான்.
கோப்பை ஒன்றும் அவனுக்கு வராது.

நேற்று மாலை பாலத்தடியில் ஒரு நீர்நாய்.
எங்கிருந்தோ கொண்டுவந்து விட்டவற்றின்
பிள்ளையோ பேரனோ,
வாயில் மீனோடு நிமிர்ந்து பார்த்தது.
இவன் காதைத் தூக்கினான்.
பின்னங்கால் நடுங்கியது,
யாரும் சொல்லித்தராத நடுக்கம்.
பெயரைச் சொன்னேன், ஒரே ஒரு முறை.
அதற்குள் படகொன்று ஹாரன் அடித்தது.
மரச்செருப்பை எடுக்கப் போய்விட்டேன்.
திரும்பி வந்தபோது
தண்ணீரில் ஒரு வளையம் விரிந்துகொண்டிருந்தது;
அவன் கரையில் உட்கார்ந்து
அதையே பார்த்துக்கொண்டிருந்தான்,
உடம்பில் ஈரமில்லாமல்.